6% வேகத்துக்காக ஓவர்கிளாக் பண்ணலாமா? பழைய பிசி, புது இஎம்ஐ: ஓசூரிலிருந்து ஒரு கணக்கு



2025 பிப்ரவரியில ஒரு தம்பி என் ஆபீஸுக்கு வந்தார். ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனியில காண்ட்ராக்ட்ல குவாலிட்டி செக்ஷன் வேலை. சனி, ஞாயிறு ஆனா கல்யாண வீடியோ எடிட்டிங். மாசம் மூணு நாலு வீடியோ வரும். வந்தது வருமான வரி கேள்விக்குத்தான். கிளம்பும்போது வாசல்ல நின்னுகிட்டே கேட்டார்:

"சார், என் பிசி ரொம்ப ஸ்லோ. புதுசா ஒண்ணு 65,000 ரூபாய்க்கு இஎம்ஐல எடுக்கலாம்னு இருக்கேன். ஃப்ரெண்டு ஒருத்தன், புதுசெல்லாம் வேண்டாம், இருக்கிற ப்ராசஸரையே ஓவர்கிளாக் பண்ணு, காசே செலவில்லைங்கிறான். எது சார் சரி?"

ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்கிற கேள்வியா இதுன்னு நீங்க நினைக்கலாம். ஆனா இது முழுக்க முழுக்க பணக் கேள்விதான். கையில ஏற்கெனவே ஒரு சொத்து இருக்கு. அதுலேருந்து கொஞ்சம் கூடுதலா கறக்கலாமா, இல்லை கடன் வாங்கிப் புதுசு வாங்கலாமா? அதோட, அவர்கிட்ட இருந்த அதே ப்ராசஸர்தான் என் ஆபீஸ் மேஜைக்குக் கீழேயும் ஓடிக்கிட்டு இருந்துச்சு: ரைசன் 5 3600. அதை ஓவர்கிளாக் பண்ணி கையைச் சுட்டுக்கிட்ட அனுபவமும் எனக்கு உண்டு. அதனால உட்கார வெச்சு கணக்கு போட்டோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுறேன்.

ஓவர்கிளாக்னா என்ன?

ப்ராசஸர் ஒரு தாளத்துல வேலை செய்யுது. ஒரு நொடிக்கு எத்தனை தாளம் என்பதுதான் ஜிகாஹெர்ட்ஸ். கம்பெனி நிர்ணயிச்ச தாளத்தைவிட வேகமா ஓட வைக்கிறதுதான் ஓவர்கிளாக். பயாஸ்ல ஒரு எண்ணை மாற்றினா போதும். வேகம் கூடும்போது சிப் தடுமாறாம இருக்க, சில நேரம் வோல்டேஜையும் கொஞ்சம் ஏத்தணும்.

ஒரு காலத்துல இது நிஜமாவே லாட்டரி. 1998-ல வந்த இன்டெல் செலரான் 300ஏ-னு ஒரு ப்ராசஸர். 300 மெகாஹெர்ட்ஸ்ல ஓட வேண்டியது. மதர்போர்டுல பஸ் வேகத்தை 66-லேருந்து 100-க்கு மாத்தினா, பல சிப்கள் 450-ல ஓடின. அதாவது 50% லாபம், செலவு கிட்டத்தட்ட பூஜ்ஜியம். இன்னிக்கும் "ஓவர்கிளாக் பண்ணா பிசி பறக்கும்"னு சொல்றவங்க மனசுல இருக்கிறது அந்தக் காலத்துக் கதைதான்.

இப்போ நிலைமை வேற. இன்றைய ப்ராசஸர் தானாகவே சூட்டையும் மின்சாரத்தையும் பார்த்து, முடிஞ்ச அளவு வேகத்தை ஏத்திக்குது. அதுக்குப் பேர் பூஸ்ட். ரைசன் 5 3600-ன் அடிப்படை வேகம் 3.6, அதிகபட்ச பூஸ்ட் 4.2 ஜிகாஹெர்ட்ஸ். நமக்கு விட்டு வெச்சிருக்கிற மிச்சம் ரொம்பக் கொஞ்சம்.

முதல்ல, உங்க பிசி-ல முடியுமா?

நிறைய பேருக்கு இந்தக் கட்டுரை இங்கேயே முடிஞ்சிடும். அதுவும் நல்லதுதான்.

* இன்டெல்னா, பெயர் கடைசியில வர்ற எழுத்துகள்ல 'கே' இருக்கணும். மதர்போர்டு 'இசட்' வரிசையா இருக்கணும். ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப் எல்லாம் பூட்டப்பட்டவை. அதுல சாதாரணமா கை வைக்க வழியில்லை.
* ஏஎம்டி ரைசன் டெஸ்க்டாப் ப்ராசஸர்ல பெரும்பாலானவை திறந்தே இருக்கும். ஆனா மதர்போர்டு ஏ320 அல்லது ஏ520-ஆ இருந்தா முடியாது. பி450, பி550 மாதிரி இருந்தா முடியும்.
* லேப்டாப்னா வேண்டாம். அந்தச் சின்ன ஃபேனுக்கு இருக்கிற வேலையே அதிகம்.
* ஆபீஸ் கொடுத்த கம்ப்யூட்டர்னா தொடவே தொடாதீங்க. அது உங்க சொத்தும் இல்லை, ரிஸ்க் எடுக்கிற உரிமையும் உங்களுக்கு இல்லை.

தம்பிகிட்ட இருந்தது பி450 போர்டு. ப்ராசஸரோட டப்பாவிலேயே வந்த ரெய்த் ஸ்டெல்த் கூலர். சின்ன அலுமினியத் துண்டு, மேல ஒரு ஃபேன், அவ்வளவுதான். என்கிட்டயும் அதே செட்டப்.

லாபம் எவ்வளவு?

என் பிசி-ல நான் எடுத்த அளவு இது. எந்த மாற்றமும் செய்யாம, எல்லாக் கோர்களும் வேலை செய்யும்போது சுமார் 3.95 ஜிகாஹெர்ட்ஸ்ல ஓடுச்சு. நான் அதை 4.2-ல நிறுத்தி வெச்சேன். கணக்குப்படி கூடுதல் 6.3%.

தம்பியோட ஒரு கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட் ஆக 60 நிமிஷம் ஆகும்னு வெச்சுக்குவோம். 6.3% வேகம் கூடினா 56 நிமிஷம் 26 நொடி. மிச்சம் மூன்றரை நிமிஷம். மாசம் நாலு வீடியோன்னா 14 நிமிஷம். வருஷம் முழுக்கச் சேர்த்தா மூணு மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு.

அடுத்த கேள்வியைக் கேட்டேன். "தம்பி, எக்ஸ்போர்ட் ஓடும்போது நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ராத்திரி போட்டுட்டுத் தூங்கிடுவேன் சார்."

அப்போ அந்த மூன்றரை நிமிஷத்தோட விலை என்ன? பூஜ்ஜியம். தூங்குற நேரத்துல மிச்சமாகுற நேரத்தை யாருக்கும் விக்க முடியாது.

இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. 4.2-ல வைக்காம, பத்திரமா இருக்கட்டும்னு 4.1-ல நிறுத்தினீங்கன்னு வைங்க. எல்லாக் கோரும் ஓடுற வேலையில 3.8% லாபம். ஆனா ஒரே கோர்ல நடக்கிற வேலைக்கு, சிப் முன்னாடி தானாவே 4.2 வரைக்கும் போயிட்டு இருந்துச்சு. இப்போ 4.1-ஐத் தாண்டாது. என் வேலை பெரும்பாலும் எக்ஸெல்லும் அக்கவுண்டிங் சாஃப்ட்வேரும். அதுல பாதி நேரம் ஒரு கோர்தான் உழைக்கும். ஆக, காசு செலவில்லாம வேகத்தைக் குறைச்சுக்கிட்ட புத்திசாலி ஆகியிருப்பேன்.

செலவு எவ்வளவு?

எல்லாரும் முதல்ல பயப்படுறது கரண்ட் பில்லுக்கு. அதைப் போட்டுப் பார்ப்போம். ப்ராசஸர் எடுக்கிற மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்துல ஏறும். வோல்டேஜுக்கோ அதோட வர்க்கத்துல ஏறும். 1.2 வோல்ட்லேருந்து 1.3-க்குப் போனா, 1.3-ஐ 1.2-ஆல வகுத்து, அதை அதாலேயே பெருக்கணும்: 1.17. இதை வேகத்தோட 1.063-ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 1.25.

அதாவது 6% வேகத்துக்கு 25% கூடுதல் மின்சாரம். 80 வாட் எடுத்த சிப் 100 வாட் எடுக்கும்.

கூடுதல் 20 வாட், தினமும் 3 மணி நேரம் முழு வேலை, 60 நாள்: 3.6 யூனிட். நம்ம பக்கம் சிங்கிள் ரூம் எடுத்தா ஹவுஸ் ஓனர் சப்-மீட்டர் வெச்சு ஒரே ரேட்டா வாங்குவார். யூனிட்டுக்கு 8 ரூபாய்னு வெச்சா, இரண்டு மாசத்துக்கு 29 ரூபாய். ஒரு டீ, ரெண்டு போண்டா. உங்க பேர்லயே சர்வீஸ் இருந்து, பில் 500 யூனிட் எல்லைக்குப் பக்கத்துல நிக்குதுன்னா மட்டும் கவனிங்க. அந்த எல்லையைத் தாண்டினா கணக்குப் போடுற அட்டவணையே மாறிடும். மற்றபடி கரண்ட் பில் ஒரு பிரச்சினையே இல்லை.

உண்மையான செலவு மூணு இடத்துல ஒளிஞ்சிருக்கு.

ஒண்ணு, சூடு. அந்தக் கூடுதல் 20 வாட் முழுக்க வெப்பமா மாறி, அந்தச் சின்ன கூலர் வழியாத்தான் வெளியே போகணும்.

ரெண்டு, வாரண்டி. ஓவர்கிளாக்கால வந்த சேதத்துக்கு வாரண்டி கிடையாது. ஏஎம்டி-யே கொடுக்கிற ரைசன் மாஸ்டர் சாஃப்ட்வேரை வெச்சுப் பண்ணாலும் அப்படித்தான். இன்டெல் இதுக்குன்னே தனியா ஒரு பாதுகாப்புத் திட்டம் வித்துக்கிட்டு இருந்துச்சு. 2021-ல அதையும் நிறுத்திட்டாங்க.

அதிக வோல்டேஜ் சிப்பைக் கெடுக்குமான்னு சந்தேகம் இருந்தா 2024-ஐ நினைச்சுப் பாருங்க. இன்டெலோட 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் பல இடங்கள்ல கிராஷ் ஆச்சு. தேவைக்கு மேல வோல்டேஜ் போனதுதான் காரணம்னு கம்பெனியே ஒத்துக்கிட்டு, மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டு, வாரண்டியை ரெண்டு வருஷம் நீட்டிச்சாங்க. அங்கே வாங்கினவங்க தானா எதையும் மாத்தலைன்னாலும் கம்பெனி பொறுப்பு ஏத்துக்கிச்சு. நீங்களா ஏத்தின வோல்டேஜுக்கு யார் பொறுப்பு?

மூணாவது செலவுதான் பெரிசு. அதைத் தனியா சொல்றேன்.

என் கை சுட்ட கதை

நான் ஓவர்கிளாக் பண்ணது ஒரு டிசம்பர் ராத்திரி. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்துல இருக்கு. டிசம்பர்ல ராத்திரி ஸ்வெட்டர் இல்லாம உட்கார முடியாது. ரூம்ல 20 டிகிரி. 4.2 ஜிகாஹெர்ட்ஸ், 1.3 வோல்ட். அரை மணி நேரம் டெஸ்ட் ஓட்டினேன். 80 டிகிரி. கிராஷ் இல்லை. சந்தோஷமா தூங்கப் போனேன். மூணு மாசம் எந்தப் பிரச்சினையும் இல்லை.

ஏப்ரல் வந்துச்சு. ஆபீஸ் மேல்மாடி. மதியம் ரூம்ல 33 டிகிரி. ரூம் சூடு எத்தனை டிகிரி ஏறுதோ, ஏறக்குறைய அதே அளவு சிப் சூடும் ஏறும். இது கூலிங்கோட அடிப்படைக் கணக்கு. 80-ஓட 13 கூட்டுங்க: 93. அதோட ஃபேன்ல மூணு மாசத் தூசி. சிப்காட் பக்கம் லாரி போற ரோட்டு ஓரத்துல ஜன்னலைத் திறந்து வெச்சா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

ஏப்ரல் 20. மார்ச் மாச ஜிஎஸ்டிஆர்-3பி கடைசி நாள். ஒரு கிளையண்டோட டேட்டாவை சேவ் பண்ற நொடியில நீலத் திரை. ரீஸ்டார்ட் பண்ணா அந்த கம்பெனி ஃபைல் திறக்கலை. கடைசி பேக்கப் ரெண்டு நாள் பழசு. ரெண்டு நாள் என்ட்ரியை பில் கட்டை வெச்சு மறுபடி போட்டு, ரிட்டர்ன் ஏத்தும்போது மணி 11:40.

தப்பு கம்ப்யூட்டர் மேல இல்லை, சாஃப்ட்வேர் மேலயும் இல்லை. என் மேல. குளிர்காலத்துல எடுத்த ஒரு டெஸ்ட்டை நம்பி கோடைக்காலத்தை ஓட்டினேன்.

அதுகூடப் பரவாயில்லை, கிராஷ் ஆச்சு, தெரிஞ்சுச்சு. விளிம்புல ஓடுற சிப் சில நேரம் கிராஷ் ஆகாது. தப்பான விடையைக் கொடுத்துட்டு அமைதியா இருக்கும். ஒரு ஃபைல்ல ஒரு பைட் மாறும். ஒரு வீடியோவுல 43-ஆவது நிமிஷத்துல ஒரு ஃப்ரேம் கெட்டுப்போகும். ஆர்ஏஎம்-ஐ அளவுக்கு மேல ஓட்டினா இது இன்னும் அதிகம். தாலி கட்டுற காட்சியில அப்படி ஆச்சுன்னா, கஸ்டமர்கிட்ட "ஓவர்கிளாக் பண்ணேன்"னா சொல்வீங்க?

வருஷத்துக்கு மூணு மணி நேரம் மிச்சம். ஒரே ஒரு ராத்திரியில ஆறு மணி நேரம் நஷ்டம். இதுதான் என் லாப நஷ்டக் கணக்கு.

இன்னொண்ணு. ஓசூர்ல வேலை செஞ்சுகிட்டு, வாரக் கடைசியில கிருஷ்ணகிரிக்குப் போற நண்பர்கள் நிறைய பேர். நெடுஞ்சாலை 44-ல சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆனா இறங்க இறங்க வெயில் மாறும். ஓசூர்ல செட் பண்ண பிசி-யைத் தூக்கிட்டுப் போய் கிருஷ்ணகிரி வீட்டு மொட்டை மாடி ஷீட் ரூம்ல வெச்சா, அது வேற கணக்கு. அங்கே மறுபடி டெஸ்ட் பண்ணாம நம்பாதீங்க.

அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியவை

தம்பியோட பிசி-யை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டு வரச் சொன்னேன். பார்த்ததுல தெரிஞ்சது:

1. 8 ஜிபி ஆர்ஏஎம், ஒரே ஸ்டிக். 3200 வேக டிடிஆர்4 ஸ்டிக் ஒண்ணு நொடிக்கு 25.6 ஜிபி டேட்டாவைத் தரும். ரெண்டு ஸ்டிக் சரியான ஸ்லாட்டுல போட்டா 51.2. எடிட்டிங் பண்றவருக்கு 8 ஜிபி-யே பத்தாது; இதுல பாதி வழியையும் அடைச்சு வெச்சிருந்தார்.
2. எக்ஸ்எம்பி ஆஃப். ஆர்ஏஎம் 3200-க்கு வாங்கினது, ஓடுறது 2400-ல. பயாஸ்ல அந்த ஒரு ஆப்ஷனை ஆன் பண்ணணும். இந்த ரைசன் அதிகாரப்பூர்வமா 3200 வரைக்கும் ஏத்துக்கும். காசு கொடுத்து வாங்கின வேகத்தைத்தான் எடுத்துக்கிறோம். ரைசன்ல ஆர்ஏஎம் வேகத்தோட சிப்புக்கு உள்ளே இருக்கிற இணைப்பும் சேர்ந்து ஓடும். அதனால பலன் நல்லாவே தெரியும்.
3. அஞ்சு வருஷத் தூசி, காய்ஞ்சு போன தெர்மல் பேஸ்ட். சுத்தம் பண்ணி பேஸ்ட் மாத்தினதும் முழு வேலையில 9 டிகிரி குறைஞ்சுச்சு. சூடு குறைஞ்சா பூஸ்ட் தானாவே கொஞ்சம் கூடும்.
4. ஹார்ட்வேர் என்கோடிங் ஆஃப். கிராஃபிக்ஸ் கார்டு சும்மா உட்கார்ந்திருக்க, முழு எக்ஸ்போர்ட்டையும் ப்ராசஸர் தலையில கட்டியிருந்தார். உங்க எடிட்டிங் சாஃப்ட்வேர்ல அந்த ஆப்ஷன் இருந்தா ஆன் பண்ணிப் பாருங்க. அவருக்கு எக்ஸ்போர்ட் நேரம் பாதிக்கும் கீழே வந்துடுச்சு.

செலவு: இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் 1,700 ரூபாய், பேஸ்ட் 450, கேபினட்டுக்குப் பின்னாடி ஒரு ஃபேன் 600. மொத்தம் 2,750 ரூபாய். 2025 கடைசியிலேருந்து ஆர்ஏஎம் விலை நல்லா ஏறியிருக்கு; இப்போ வாங்குறவங்க அன்றைய விலையைப் பார்த்துக்குங்க.

பெங்களூரு எஸ்பி ரோட்டுல வாங்கினா 100, 200 குறையும். ஆனா பில் வாங்குங்க. பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்பாங்க. அந்தக் காகிதம்தான் உங்க வாரண்டி. அதோட, பொருள் கெட்டா அத்திப்பள்ளி தாண்டி ட்ராஃபிக்ல போய் வர அரை நாள் லீவு போகும். அதையும் விலையில சேர்த்துக்குங்க.

ஒரு எச்சரிக்கை: ஏஎம்4 வகை ரைசன்ல கூலரை நேரா இழுத்தா, காய்ஞ்ச பேஸ்ட் ஒட்டிக்கிட்டு ப்ராசஸரையே சாக்கெட்லேருந்து பிடுங்கிட்டு வரும். பின் வளைஞ்சா முடிஞ்சுது. முதல்ல பத்து நிமிஷம் பிசி-யை ஓடவிட்டு பேஸ்ட்டை இளக வைங்க. அப்புறம் ஆஃப் பண்ணி, ப்ளக்கை எடுத்துட்டு, ஸ்க்ரூ கழட்டி, கூலரை மெதுவா இடவலமா திருகி எடுங்க.

இல்லை சார், நான் பண்ணித்தான் பார்ப்பேன்னா

பொழுதுபோக்குக்காக, கத்துக்கிறதுக்காகப் பண்றீங்கன்னா தாராளமா பண்ணுங்க. அதுவும் ஒரு சந்தோஷம்தான். ஆனா இந்த வரிசையில:

1. முதல்ல பேக்கப். வேற டிஸ்க்ல. அதே டிஸ்க்ல இன்னொரு ஃபோல்டர்ல வைக்கிறது பேக்கப் இல்லை.
2. எதையும் மாத்துறதுக்கு முன்னாடி சினிபெஞ்ச் மூணு தடவை ஓட்டி ஸ்கோர், சிப் சூடு, ரூம் சூடு மூணையும் நோட்டுல எழுதுங்க. சூடு பார்க்க ஹெச்டபிள்யூஇன்ஃபோ போதும், இலவசம்.
3. பயாஸ்ல வோல்டேஜை 'ஆட்டோ'ல விடாதீங்க. சில போர்டு தேவைக்கு மேல ஊத்தும். 1.25-ல ஆரம்பிங்க.
4. மல்டிப்ளையரை 40, 40.5, 41-னு சின்னச் சின்னப் படியா ஏத்துங்க. ஒவ்வொரு படியிலயும் பத்து நிமிஷம் டெஸ்ட்.
5. கடைசி டெஸ்ட் ஏப்ரல், மே மதியம், கதவைச் சாத்திட்டு, ரெண்டு மூணு மணி நேரம். ஓசிசிடி அல்லது பிரைம்95. டிசம்பர்ல பண்றீங்கன்னா, வந்த சூட்டோட 13 டிகிரி கூட்டிப் படிங்க.
6. நிறுத்துற எல்லையை முன்னாடியே எழுதி வைங்க. என் எல்லை: கோடையிலயும் 85 டிகிரி, 1.3 வோல்ட், டெஸ்ட்ல ஒரே ஒரு எரர். இதுல எது முதல்ல வந்தாலும் ஒரு படி கீழே இறங்கணும்.
7. பிசி ஆன் ஆகலைன்னா பதறாதீங்க. கரண்ட்டைத் துண்டிச்சு, மதர்போர்டுல 'கிளியர் சிமாஸ்' பின்னை ஷார்ட் பண்ணா பழைய நிலைக்கு வந்துடும்.

ரைசன் 5600 மாதிரி 5000 வரிசை வெச்சிருக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கு. பிபிஓ மெனுவுக்குள்ள 'கர்வ் ஆப்டிமைசர்'னு ஒண்ணு. அதுல மைனஸ் மதிப்பு கொடுத்தா, அதே வேகத்துக்குக் குறைஞ்ச வோல்டேஜ் போகும். சூடு குறையும், மிச்சமான இடத்துல பூஸ்ட் தானா ஏறும். ஆனா இதையும் டெஸ்ட் பண்ணணும். ரொம்பக் குறைச்சாலும் தடுமாறும். வாரண்டி விதி இதுக்கும் அதேதான்.

இப்போ 65,000 ரூபாய் இஎம்ஐ

12 மாசம், 15% வட்டின்னு வெச்சுக்குவோம்.

* மாசத் தவணை: 5,867 ரூபாய்
* மொத்த வட்டி: சுமார் 5,400
* கிரெடிட் கார்டு இஎம்ஐ-ன்னா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி: சுமார் 970
* ஆக மொத்தம்: கிட்டத்தட்ட 71,400. ப்ராசஸிங் ஃபீஸ் தனி.

'நோ காஸ்ட்'னு போட்டிருந்தாலும், நேரா வாங்கினா கிடைச்சிருக்க வேண்டிய தள்ளுபடிதான் பல நேரம் வட்டியா போகுது. ஜிஎஸ்டி-யும் தப்பாது.

அதே நேரம், மாசம் 5,500 ரூபாய் ஆர்டி-ல 6.5% வட்டிக்குப் போட்டா, 12 மாசத்துல கட்டுறது 66,000. கையில வர்றது சுமார் 68,300. பழைய பிசி இன்னும் ஒரு வருஷம் தாங்கினா போதும், 65,000 போக மிச்சமும் இருக்கும்.

வரி பத்தி ஒரு வரி. சம்பள வருமானத்துல கம்ப்யூட்டர் செலவைக் கழிக்க முடியாது. எடிட்டிங் மாதிரி தனி வருமானம் இருந்து, முறையா கணக்கு வெச்சுக் காட்டினா, கம்ப்யூட்டருக்கு 40% தேய்மானம் உண்டு. அந்த வருஷத்துல 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா 20%. உத்தேச வருமான முறையில போனா தனியா தேய்மானம் கிடையாது. அந்த வருமானம் இருக்கிறவங்க ஐடிஆர்-1 போடக்கூடாது. கம்பெனி ஆஃபர் லெட்டர்ல வெளி வேலை பத்தி என்ன எழுதியிருக்குன்னும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க.

என்ன ஆச்சு?

தம்பி ஓவர்கிளாக் பண்ணலை. இஎம்ஐ-யும் எடுக்கலை. 2,750 ரூபாய் செலவு பண்ணிட்டு, மார்ச்லேருந்து ஆர்டி ஆரம்பிச்சார்.

அக்டோபர் கடைசியில அவரோட காண்ட்ராக்டைப் புதுப்பிக்கலை. அடுத்த வேலை கிடைக்க ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. அதுக்குள்ள ஆர்டி-ல எட்டுத் தவணை, 44,000 ரூபாய் சேர்ந்திருந்துச்சு. உடைச்சார். வட்டியில கொஞ்சம் பிடிச்சாங்க, அசல் முழுசா வந்துச்சு. ரூம் வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்ப வேண்டியது எல்லாம் அதுலேருந்து போச்சு. கார்த்திகை முகூர்த்தத்துல நாலு வீடியோ எடிட் பண்ணிக் கொடுத்தார். அதே பழைய பிசி-ல.

இஎம்ஐ எடுத்திருந்தா அந்த ரெண்டு மாசமும் தேதி தவறாம 5,867 ரூபாய் கேட்டு மெசேஜ் வந்திருக்கும்.

இப்போ வேற கம்பெனியில சேர்ந்துட்டார். ஆர்டி-யை மறுபடி ஆரம்பிச்சிருக்கார். பிசி எப்போ வாங்கப் போறீங்கன்னு கேட்டேன். "முதல்ல மூணு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் சேரட்டும் சார், அப்புறம் பார்க்கலாம்"னார்.

என் பிசி? ஏப்ரல் 21 காலையிலேயே பழைய செட்டிங்குக்கு மாத்திட்டேன். இன்னிக்கு வரைக்கும் அப்படியேதான் ஓடுது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தானா பேக்கப் எடுக்கும்.

புது பிசி-க்கு இஎம்ஐ பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி உங்க பிசி-யைத் திறந்து பாருங்க. ஆர்ஏஎம் எத்தனை ஸ்டிக், எக்ஸ்எம்பி ஆன்ல இருக்கா, தூசி எவ்வளவு, முழு வேலையில சிப் எத்தனை டிகிரி போகுது. இந்த நாலையும் ஒரு காகிதத்துல எழுதுங்க. அதுக்கு அப்புறம் முடிவு பண்ணுங்க.

அடுத்த பதிவுல, காண்ட்ராக்ட் வேலையில இருக்கிறவங்க பிஎஃப் பணத்தைக் கம்பெனி மாறும்போது எப்படி மாத்துறதுன்னு பார்ப்போம்.